ஆங்கிலிக்கன் சபை உடைஞ்சிடுச்சாமே, நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கதி என்ன?

தண்டையார்பேட்டை தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் வாலிபர் ஐக்கிய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபை இரண்டாக உடைந்துவிட்டதாம். இங்கிலாந்து சபையின் தலைமை பிஷப்பான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக ஒரு பெண் வந்ததால் ஆப்பிரிக்கா பிரிந்துவிட்டதாம், அடுத்தது இந்தியாவாம். கீழே வரிசையாகச் சிவப்பு விளக்கு எமோஜி வேறு. அவ்வளவுதான், குரூப்பில் சண்டை ஆரம்பித்துவிட்டது. நாமும் ஆங்கிலிக்கன்தானே, நமக்கும் இது வரும் என்று ஒரு அண்ணன். நாம்தான் 1947லேயே வெளியே வந்துட்டோமே, நமக்கென்ன என்று இன்னொரு அண்ணன். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். "பண்டிகை வேலை முடியட்டும்ப்பா, உட்கார்ந்து பேசலாம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு இங்கிலாந்தில் லீட்ஸுக்கு அனுப்புகிறது. அங்கே எந்தச் சபைக்குப் போவது? நமக்கு நற்கருணை கொடுப்பார்களா? இல்லை, நீ எந்தக் கட்சி என்று கேட்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் தேடினால் தலை சுற்றுகிறது.

மிண்ட் வாசி:

தம்பி, ஆப்பிரிக்கா பிரியுதா சேருதான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல நம்ம பாஸ்டரேட் கமிட்டித் தேர்தல் போலீஸ் வராம முடியட்டும். சினாட் (சபையோட உச்ச மன்றம்) தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்னு சுத்தினது உங்க குரூப்பில் ஃபார்வர்ட் ஆகலையா? நம்மை உடைக்கிறதுக்குக் கேன்டர்பரியிலிருந்து யாரும் ஃபிளைட் பிடிச்சு வரவேண்டாம்.

பழைய வண்ணை நர்ஸம்மா:

மிண்ட் வாசி சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். தம்பி, உன் குரூப்பில் சண்டை போட்ட இரண்டு அண்ணன்களுக்கும் ஆளுக்குப் பாதி மார்க் போடலாம். நாம் ஆங்கிலிக்கன் மட்டும் இல்லை. ஆனால் ஆங்கிலிக்கன் உறவு இல்லாதவர்களும் இல்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள். அப்பா வீட்டார் ராயபுரம், ஸ்காட்ச் மிஷன் வழி. ரெய்னி ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார்களே, அதே மிஷன். பிரஸ்பிட்டேரியன். அம்மா பாளையங்கோட்டைப் பக்கம், சி.எம்.எஸ். மிஷன் வழி ஆங்கிலிக்கன். அம்மா கல்யாணமாகி இங்கே வருவதற்குள் சபை ஒன்றாகிவிட்டிருந்தது, ஆனால் வழக்கம் ஒன்றாகவில்லை. அம்மாவுக்குப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரே பாத்திரத்தில் வாங்கினால்தான் நற்கருணை. அப்பா வீட்டாருக்கு அது உட்கார்ந்த இடத்துக்கே வரும், சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில். "இதென்ன, டானிக் குடிக்கிற மாதிரி?" என்று அம்மா கேட்டாராம். "உங்க ஊர்ல எல்லாரும் ஒரே எச்சிலா?" என்று அத்தை திருப்பிக் கேட்டாராம். இந்தப் பேச்சு அவர்கள் இரண்டு பேரும் கிழவிகளாகும் வரைக்கும் ஓடியது. ஒருவரும் சபையை விட்டுப் போகவில்லை.

சபை ஒன்றான கதையை உன் குரூப்பில் யாராவது சரியாகச் சொன்னார்களா? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடினார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். முன்னால் நின்றவர் தோர்ணக்கல் பிஷப் அசரியா, திருநெல்வேலிச் சீமைக்காரர், 1912ல் ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர். வெள்ளைக்காரன் ஊரில் எப்போதோ போட்ட சண்டைக்கு நாம் ஏன் இங்கே தனித்தனி மணி அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் பதில் கிடைக்க 28 வருஷம் ஆனது. அசரியா 1945 ஜனவரி 1ல் காலமாகிவிட்டார், ஐக்கியத்தைப் பார்க்கவில்லை.

ஏன் அத்தனை வருஷம்? எல்லாம் பிஷப் விஷயம். பிஷப் கை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தால்தான் குருவானவர் என்பது ஆங்கிலிக்கன் பிடிப்பு. பிரஸ்பிட்டேரியனுக்கும் காங்கிரிகேஷனலுக்கும் பிஷப்பே கிடையாது. அவர்களுடைய பாஸ்டர்களுக்கு மறுபடி பட்டம் கொடுங்கள் என்றால், இத்தனை நாள் நீங்கள் கொடுத்த நற்கருணை செல்லாது என்று முகத்துக்கு நேரே சொல்வது போல ஆகும். ஒத்துக்கொள்வார்களா? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இப்போது இருக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறபடியே ஊழியர்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பிஷப் பட்டம் கொடுப்பார். 30 வருஷத்துக்கு இரண்டு வகையினரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மனசுக்கு ஒவ்வாத ஊழியரை எந்தச் சபை மேலும் திணிக்க மாட்டோம் என்று ஒரு வாக்குறுதி. நான் சொல்கிறேன், அந்த 30 வருஷப் பொறுமைதான் சி.எஸ்.ஐ.

1947 செப்டம்பர் 27, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஐக்கியம் நடந்தது. திருவிதாங்கூர் பிஷப் சி.கே. ஜேக்கப் தலைமையில். தென்னிந்திய ஆங்கிலிக்கன் பேராயங்கள் (ஒரு பிஷப்பின் கீழ் இருக்கிற பகுதிதான் பேராயம்), மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் ஏற்கெனவே 1908ல் சேர்ந்திருந்த எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை), மூன்றும் ஒரே சபை. அன்றைக்கு 14 பேராயம், இன்றைக்கு யாழ்ப்பாணத்தையும் சேர்த்து 24. கோட்டைக்குள் 1680ல் கட்டிய செயின்ட் மேரீஸும், பாரிமுனை ஆண்டர்சன் சர்ச்சும் ஒரே சென்னைப் பேராயத்தில் இருப்பது இப்படித்தான். ஒன்று இங்கிலீஷ்காரன் கட்டியது, மற்றது ஸ்காட்லாந்துக்காரன் வழி. இன்றைக்கு யாருக்காவது அந்த வித்தியாசம் உறைக்கிறதா?

இதற்கு ஆங்கிலிக்கன் உலகம் கைதட்டியது என்று நினைக்காதே. இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷனான எஸ்.பி.ஜி. சங்கம் ஐக்கியத்தில் சேர்ந்தவர்களுக்குத் தன் பொது நிதியிலிருந்து தருவதை நிறுத்தியது. உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடுகிற லாம்பெத் மாநாட்டில், 1948ல், நமக்கு முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆந்திராவில் நந்தியால் பக்கம் ஆங்கிலிக்கன் மக்களில் பெரும்பகுதி சேரவே மாட்டோம் என்று வெளியே நின்றார்கள், பல வருஷம் கழித்துத்தான் வந்தார்கள். 1955ல் இங்கிலாந்து சபை நம் பிஷப்புகளின் பட்டத்தையும் அவர்கள் கையால் பட்டம் வாங்கியவர்களையும் ஒத்துக்கொண்டது. 1988 லாம்பெத் மாநாட்டுக்குத்தான் நம் பிஷப்புகளை முழு உறுப்பினராகக் கூப்பிட்டார்கள். நாற்பது வருஷம் நாம் அவர்களுக்குச் சொந்தமா இல்லையா என்பதே தீராமல் கிடந்தது. அதனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது ஃபார்வர்டுக்கு வருவோம். 42 மாகாணச் சபைகள் சேர்ந்ததுதான் ஆங்கிலிக்கன் ஐக்கியம். கத்தோலிக்கருக்குப் போப் மாதிரி இவர்களுக்கு யாரும் இல்லை. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் கூட்டம் கூட்டலாம், அழைப்பு அனுப்பலாம், அனுப்பாமல் இருக்கலாம். நைஜீரியாவில் ஒரு குருவானவரை டிரான்ஸ்ஃபர் போடக்கூட அவரால் முடியாது. உத்தரவு போட ஆள் இல்லாத இடத்தில் பிரிவினையும் ஒரே நாளில் நடக்காது. வருகிறவர்கள் வராமல் போவார்கள், பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள் போடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படித்தான் நடந்து வருகிறது. 2003ல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயருக்கு, ஆண் துணையோடு வாழ்ந்த ஒருவர் பிஷப் ஆனார். 2008ல் எருசலேமில் காஃப்கான் கூடியது, இதையெல்லாம் ஏற்காத பழமைப் பிடிப்புள்ள ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பு. 2009ல் வட அமெரிக்காவில் போட்டிச் சபை. 2022 லாம்பெத்துக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பிஷப்புகள் வரவில்லை. 2023 பிப்ரவரியில் ஒரே பாலினத் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபம் செய்யலாம் என்று இங்கிலாந்து சினாட் சொன்னதும், உலகளாவிய தெற்கு என்று சொல்லிக்கொள்கிற, பெரும்பாலும் ஆப்பிரிக்கா, ஆசியா பக்கத்து சபைகளின் தலைவர்கள் கேன்டர்பரி இனி எங்கள் தலைவர் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். 2025 அக்டோபர் 3ல் சாரா முல்லாலி பெயரை அறிவித்தார்கள். இரண்டே வாரத்தில் காஃப்கானிடமிருந்து இன்னொரு அறிக்கை. கேன்டர்பரி கூட்டும் கூட்டங்களுக்கு இனி வரமாட்டோம், நாங்கள்தான் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்று.

ஆகப் பெண் வந்ததால் உடைந்தது என்பது அரைகுறைச் செய்தி. சண்டை அதற்கு இருபது வருஷம் முன்பே பழுத்துவிட்டது. (அந்த அம்மா எங்கள் இனம், தெரியுமோ? குருவானவர் ஆவதற்கு முன்னால் நர்ஸ், இங்கிலாந்து அரசின் தலைமை நர்ஸிங் அதிகாரியாக இருந்தவர். நைட் டியூட்டி பார்த்தவருக்கு பிஷப்புகள் சண்டை எம்மாத்திரம்.)

நம்ம பக்கம் பெண்களுக்குக் குருப்பட்டம் 1976லேயே ஆரம்பித்தாகிவிட்டது. முதல் பெண் பிஷப் 2013ல் வந்தார். எந்தப் பேராயத்துக்கு? அன்றைக்கு வெளியே நின்ற அதே நந்தியாலுக்கு.

மிண்ட் வாசிக்கு: ஆமாம், நம்மை உபதேசம் உடைக்கவில்லை. நாற்காலி உடைக்கிறது, நிலம் உடைக்கிறது, பள்ளிக்கூடத்து சீட் உடைக்கிறது. அதற்கெல்லாம் அடியில் சாதி இருக்கிறது. அதை 1947ல் யாரும் மேஜை மேல் எடுத்து வைக்கவில்லை. பிஷப்பும் பிரஸ்பிட்டரும் சேர 28 வருஷம் பேசினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற விஷயத்தை 28 நிமிஷம் பேசினார்களா?

பெரம்பூர் லோகோ:

சிஸ்டர், வரலாறு அருமை. ஆனால் காஃப்கான்காரர்கள் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்தவர்கள் என்கிற தொனி நியாயமில்லை. நான் வேலைக்காகக் கென்யாவில் சில வருஷம் இருந்தவன், அங்கே ஆங்கிலிக்கன் சபையில்தான் ஆராதனைக்குப் போனேன். மூன்று மணி நேரம் ஆராதனை, ஒருவரும் வாட்ச் பார்க்க மாட்டார்கள். பிரசங்கத்தில் வசனம் சொன்னதும் சபை முழுக்க வேதாகமத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்கும். நம்ம ஊரில் எல்லாரும் மொபைலில் தேடுகிறோம், கூடவே ஸ்கோரும் பார்க்கிறோம்.

1998 லாம்பெத் மாநாட்டில் திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரவு 526, எதிர்ப்பு 70. உலகம் முழுக்க உள்ள பிஷப்புகள் கூடி எடுத்த முடிவு. ஐந்தே வருஷத்தில் அதை மீறியது யார்? மீறியவனை விட்டுவிட்டு, மீறியதைத் தட்டிக் கேட்டவனைப் பிரிவினைக்காரன் என்றால் என்ன நியாயம்?

இன்னொன்று. கேன்டர்பரிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் ஓட்டு உள்ளவர்கள் 17 பேர். அதில் இங்கிலாந்துக்கு வெளியே இருந்து 5 பேர், அதுவும் சமீபத்தில் கூட்டியது, முன்பு ஒருவர்தான். ஆராதனைக்கு ஆட்கள் நிரம்பி வழிகிற ஆப்பிரிக்காவுக்குத் தலைவரை லண்டனில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்களாம், ராஜா கையெழுத்துப் போடுவாராம். 1919ல் தரங்கம்பாடியில் நம் ஆட்கள் கேட்ட கேள்வியைத்தானே அவர்களும் கேட்கிறார்கள்?

சரி, நம்ம பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ரகசிய ஓட்டு வையுங்கள். பெரும்பாலானவர்கள் கென்யா பக்கம்தான் நிற்பார்கள்.

பழைய வண்ணை நர்ஸம்மா:

லோகோ ஐயா, ரகசிய ஓட்டில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். மறுக்கவில்லை. 1998 தீர்மானத்தை மதிக்கவில்லை என்கிற கோபமும் நியாயம். தலைவரை ஏன் லண்டனில் தேட வேண்டும் என்கிற கேள்வி இன்னும் நியாயம்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் மேஜை மேல் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நைரோபி-கெய்ரோ யோசனைகள் என்று ஒன்று வெளியிட்டார்கள். ஆங்கிலிக்கன் என்றால் கேன்டர்பரியோடு ஐக்கியத்தில் இருந்தே தீர வேண்டும் என்கிற வரையறையை எடுத்துவிட்டு, கேன்டர்பரியோடு சரித்திரத் தொடர்பு உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் ஆலோசனைக் குழுவின் தலைமை ஒவ்வொரு கண்டமாகச் சுற்றி வரட்டும் என்பது அதன் சாரம். எனக்கு இது அந்த 30 வருஷ ஏற்பாட்டின் வாசனை அடிக்கிறது. ஒத்துப்போகாததை ஒத்துப்போனதாக நடிக்காமல், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொள்வது. ஆனால் இது ஓட, இரண்டு தரப்பும் அறைக்குள் இருக்க வேண்டும். ஒரு தரப்பு கூட்டத்துக்கே வரமாட்டோம் என்றால் யாரோடு பேசுவது? 1947ல் நம் ஆட்கள் ஜெயித்த காரணம், 28 வருஷமும் பேச்சை விடவில்லை. திட்டிக்கொண்டார்கள், அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்கள்.

காஃப்கானுக்குள்ளும் எல்லாம் ஒரே குரல் இல்லை, கென்யாவில் இருந்த உங்களுக்குத் தெரியாததா. நைஜீரியா பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுப்பதில்லை. கென்யாவில் 2021ல் ஒரு பெண் பிஷப்பே வந்துவிட்டார். இன்றைக்குக் கல்யாண விஷயத்தில் ஒன்றாக நிற்கிறார்கள், நாளைக்கு இந்த விஷயம் வரும்போது என்ன செய்வார்கள்? பிரிந்து போய்ப் பழகினவர்களுக்கு இரண்டாவது தடவை பிரிவது சுலபம்.

என் கணக்கு இதுதான். முழு உடைப்பு வராது, முழு ஒற்றுமையும் வராது. பெயர் இரண்டு தரப்பிலும் ஆங்கிலிக்கன் என்றே இருக்கும். உலக மாநாடுகளுக்கு மதிப்பு குறையும். பேராயத்துக்குப் பேராயம், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, கல்லூரிக்குக் கல்லூரி இருக்கிற உறவு பெரிதாக அறுபடாது. சி.எஸ்.ஐ. ஏதாவது ஒரு பக்கம் சாயுமா என்றால், சாயாது. நாம் ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் உறுப்பு, உலக மெத்தடிஸ்ட் கவுன்சிலிலும் உறுப்பு, உலக சீர்திருத்த சபைகளின் ஐக்கியத்திலும் உறுப்பு. ஒரு வீட்டில் சண்டை என்றால் இன்னொரு வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். வட இந்தியாவில் 1970ல் நம்மைப் போலவே சேர்ந்த சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) சபைக்கும் அதே சௌகரியம்.

ஆனால் பெருமையடித்துக்கொள்ளவும் வேண்டாம். லூத்தரன் சபையோடு நம் பேச்சுவார்த்தை 1948லேயே ஆரம்பித்தது. உபதேச விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லாம் பேசி முடித்தார்கள். புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயத்தில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் இன்னும் அவர்கள்தான், நாம் நாம்தான்.

மிண்ட் வாசி:

திண்ணை மூணு இருக்கு சரி. வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னுதான் இங்க கேஸே.

தண்டையார்பேட்டை தம்பி:

ஆன்ட்டி, அங்கிள், ரொம்ப நன்றி. குரூப்பில் இதை அப்படியே போட்டுவிட்டேன், பத்து நிமிஷமாக யாரும் பேசவில்லை. இப்போது லீட்ஸ் விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலிக்கன் சர்ச்சுக்கே போகலாமா?

பழைய வண்ணை நர்ஸம்மா:

தாராளமாகப் போ. ஞானஸ்நானம் வாங்கி, உன் சபையில் நல்ல நிலையில் நற்கருணை எடுக்கிறவனாக இருந்தால் இங்கிலாந்து சபையில் கொடுப்பார்கள். எந்தக் கட்சி என்று யாரும் கேட்கமாட்டார்கள், எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். அங்கேயும் சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. தூபம் போடுகிற இடமும் இருக்கும், கிட்டாரும் டிரம்மும் வைத்துப் பாடுகிற இடமும் இருக்கும். முதல் மாதம் நாலு இடம் போய்ப் பார். மெத்தடிஸ்ட் சபைக்குப் போனாலும் அதுவும் நம் வீடுதான், சங்கடப்படாதே.

நற்கருணைக்கு முன்னால் சமாதானம் சொல்லும்போது அவர்கள் பெஞ்சை விட்டு எழுந்து வந்து கை குலுக்குவார்கள், திகைக்காதே. நம்ம முறையில் குருவானவர் பீடத்திலிருந்து கொடுப்பதை, குவித்த கைக்குள் கை வைத்து வாங்கி அடுத்தவருக்குக் கடைசிப் பெஞ்சு வரை கொடுக்கிறோமே, அது 1950ல் நம் சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் வந்தது, கேரளத்து சுரியானிச் சபையாரிடம் எடுத்தது. அதைப் பார்த்துத்தான் மேல்நாட்டுச் சபைகள் பலவும் சமாதானம் கொடுப்பதை மறுபடி பிடித்துக்கொண்டன. யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லு.

பாஸ்டர் ஐயாவிடம் சர்ச் லெட்டர் வாங்கிக்கொள். ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி இரண்டும் அதில் இருக்க வேண்டும், சீல் மறக்காமல். பண்டிகை முடிந்து கேட்கலாம் என்று இருக்காதே, அப்போது ஆபீஸ் கிளார்க் லீவில் ஊருக்குப் போய்விடுவார். இந்த வாரமே கேள்.